மந்தைவெளியில் 1984-ல் கட்டிய ஃபிளாட்டா, மேடவாக்கத்தில் புதுசா?

வாடகைவாசி:

எல்லோருக்கும் வணக்கம். பதினோரு வருடமாக மந்தைவெளியில் வாடகைக்கு இருக்கிறோம். ஓனர் பையனுக்குக் கல்யாணம், வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். இனி ஒரு தடவை சாமான் கட்ட என்னால் முடியாது, வாங்கிவிடலாம் என்று இறங்கினோம். இரண்டு வீடு கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. மூன்று வாரமாக வீட்டில் இதே பேச்சுதான், தோசைக்கல்லில் மாவு ஊற்றும்போது கூட.

முதல் வீடு இப்போது இருப்பதற்கு இரண்டு தெரு தள்ளி. 1984-ல் கட்டியது. தரைத்தளம், அதன் மேல் இரண்டு மாடி, மொத்தம் எட்டு வீடு. லிஃப்ட் கிடையாது. எங்களுக்கு வருவது முதல் மாடி, பத்தொன்பது படி (மாமியாருக்கு 71 வயது, அதனால் எண்ணிப் பார்த்தேன்). மொசைக் தரை, தேக்கு ஜன்னல், ஹாலில் சுவரோடு கட்டிய சிமென்ட் ஷெல்ஃப். பத்திரத்தில் 940 சதுர அடி, யூடிஎஸ் (நிலத்தில் நம் பங்கு) 690. கேட்கும் விலை 1 கோடியே 32 லட்சம். கார் பார்க்கிங் என்று தனியாக எதுவும் இல்லை, முதலில் வருகிறவர் காம்பவுண்டுக்குள் நிறுத்திக்கொள்வாராம்.

இரண்டாவது மேடவாக்கத்தில், அடுத்த வருடம் சாவி தருகிறார்கள். மூன்று பெட்ரூம், 1,160 சதுர அடி, ஆறாவது மாடி, லிஃப்ட், ஜெனரேட்டர், மூடிய பார்க்கிங், குழந்தைகள் விளையாட இடம். 81 லட்சம். 5 சதவீத ஜிஎஸ்டி, பதிவுச் செலவு எல்லாம் சேர்த்தால் 91 லட்சத்தைத் தொடும்.

எங்கள் கையில் இருப்பது 62 லட்சம். அதில் பாதிக்கு மேல் என் அப்பா கொடுத்த தஞ்சாவூர் மனையை விற்ற பணம், அதைத் தொடும்போதே கை நடுங்குகிறது. மேடவாக்கம் என்றால் 30 லட்சம் கடன், இருபது வருடத்துக்கு மாதம் 26,000 கட்டினால் போதும். இப்போது கொடுக்கும் வாடகையே 27,000. மந்தைவெளி என்றால் பதிவு 9 சதவீதம், ரிப்பேருக்கு ஒரு எட்டு லட்சம் வைத்தால் 1 கோடியே 52 லட்சம் ஆகிறது. 90 லட்சம் கடன், மாதம் 78,000. இருவர் சம்பளமும் ஒழுங்காக வந்தால்தான் அது நடக்கும்.

என் ஆபீஸ் ராயப்பேட்டை, அவருடையது கிண்டி எஸ்டேட். பையன் எட்டாவது, பள்ளிக்கு நடந்தே போகிறான். மாமியார் தினமும் காலையில் கபாலி கோயிலுக்குப் போய், வழியில் கீரை வாங்கிக்கொண்டு, நாலு பேரிடம் பேசிவிட்டு ஒன்பது மணிக்குத் திரும்புவார். அவர் எந்தப் பக்கமும் வாய் திறக்கவில்லை. "உங்க இஷ்டம்" என்கிறார். அந்த "உங்க இஷ்டம்" என்ன என்பது மருமகள்களுக்குத் தெரியும்.

ஒரு விஷயம். போன ஞாயிறு நானும் பையனும் டேப் எடுத்துக்கொண்டு போய் இரண்டையும் அளந்தோம். பழைய வீட்டு ஹால் 20 அடிக்கு பதினொன்றரை. புது வீட்டு மாடல் ஃபிளாட்டில் ஹால் 17-க்கு பத்தரை. எல்லா அறையையும் சுவருக்குச் சுவர் அளந்து கூட்டினால் பழையது 760 சதுர அடி, புதியது 745! பேப்பரில் 220 சதுர அடி பெரிசு, காலுக்குக் கீழே 15 சதுர அடி சிறிசு. மிச்சமெல்லாம் லிஃப்டுக்கும் படிக்கட்டுக்கும் ஜிம்முக்கும் நம் பங்கு என்று விளக்கினார் விற்பனைப் பையன். மாடல் ஃபிளாட்டின் மூன்றாவது பெட்ரூமில் என் மகன் கட்டிலில் படுத்துப் பார்த்தான், முழங்காலுக்குக் கீழே பாதி வெளியே தொங்கியது. அறை பெரிசாகத் தெரிய வேண்டும் என்று கட்டிலையே குட்டியாகச் செய்து போட்டிருக்கிறார்கள்.

ஆக இடம், விலை, ஏரியா மூன்றில் எதற்கு எவ்வளவு எடை போடுவது? நாற்பது வருடக் கட்டடத்தை நம்பி இவ்வளவு பணம் போடலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

ஓய்வுபெற்ற பொறியாளர்:

அம்மா, டேப் எடுத்துக்கொண்டு போனீர்களே, அதற்கே ஒரு சபாஷ். முப்பத்து மூன்று வருடம் கட்டட வேலையில் இருந்தவன், நான் பார்த்த வரை வாங்குகிறவர்களில் பத்துக்கு ஒருவர் கூட அளப்பதில்லை.

வயதை மட்டும் வைத்துக் கட்டடத்தைத் தள்ளாதீர்கள். மந்தைவெளியில் எனக்குப் பயம் வயதை விடக் கடல்தான். பட்டினப்பாக்கம் அங்கிருந்து கூப்பிடு தூரம். உப்புக்காற்று கான்கிரீட்டுக்குள் இறங்கி கம்பியைப் பிடித்தால் கம்பி துருவேறி ஊதும், ஊதினால் மேல்பூச்சைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். அந்தக் காலத்தில் பல இடங்களில் கம்பிக்கு வெளியே முக்கால் அங்குலம் கூட கான்கிரீட் விடாமல் கட்டினார்கள். கிணற்று உப்புத் தண்ணீரிலேயே கலவை போட்டதும் உண்டு.

அதனால் முதலில் சன்ஷேடைப் பாருங்கள், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு அடியைப் பாருங்கள், படிக்கட்டின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். முதலில் போவது இந்த மூன்றும்தான். ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். 'டங்' என்று இறுக்கமாகச் சத்தம் வந்தால் சரி. 'டொப்' என்று பொக்கையாகக் கேட்டால் உள்ளே பிரிந்துவிட்டது. சன்ஷேடில் கேட்டால் விலை பேசலாம். தூணிலும் பீமிலும் கேட்டால் வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டு மறந்துவிடலாம். புது பெயின்ட் அடித்திருந்தால் இன்னும் நன்றாகத் தட்டுங்கள்.

இரண்டாவது, நீங்கள் வாங்கும் வீட்டை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். கீழ்வீட்டுக்காரரிடம் கேட்டு அவர் பாத்ரூம் கூரையைப் பாருங்கள், அங்கே தெரிவது உங்கள் பாத்ரூம். பழைய வீடுகளில் பாத்ரூம் தளத்தை ஒரு அடி தாழ்த்தி, செங்கல் ஜல்லி போட்டு நிரப்பி, அதன் மேல் தரை போட்டிருப்பார்கள். அந்த ஜல்லி நாற்பது வருடத் தண்ணீரைக் குடித்து உட்கார்ந்திருக்கும். பிரித்து, வாட்டர்ப்ரூஃப் செய்து, திரும்பப் போட்டால்தான் ஒழுகல் நிற்கும். உங்கள் எட்டு லட்சத்தில் முதலில் கை வைக்கப் போவது அதுதான். ஜிஐ பைப் எல்லாம் உள்ளே துரு அடைத்துச் சுண்டு விரல் நுழையாது, மாற்றிவிடுங்கள். வயரிங் முழுதாக மாற்ற வேண்டும். 1984-ல் ஒரு ஃபேன், ஒரு டியூப் லைட், ஒரு கிரைண்டர் கணக்கில் போட்டது, மூன்று ஏசியைத் தாங்காது. மொசைக்கை மட்டும் தொடாதீர்கள். பாலிஷ் போடுங்கள் போதும், இன்றைக்கு அப்படிப் போட ஆள் கிடைப்பது கஷ்டம்.

ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரை அழைத்துப் போய் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். வங்கியும் எப்படியும் கேட்கும். கட்டடத்தின் வயதோடு கடன் வருடத்தைக் கூட்டி ஒரு வரம்பு வைத்திருப்பார்கள், வங்கிக்கு வங்கி மாறும். இருபது வருடம் கிடைக்கும் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். பதினைந்துதான் என்றால் உங்கள் 78,000 பத்தாயிரத்துக்கு மேல் ஏறும்.

---

மேடவாக்கம் ஏழாவது மாடி:

அக்கா, நான் 2019-ல் மயிலாப்பூர் வாடகை வீட்டை விட்டு இங்கே வாங்கி வந்தவன். மார்க்கெட்டிங் மாதிரியும் சொல்ல மாட்டேன், ஒப்பாரியும் வைக்க மாட்டேன்.

நல்லது முதலில். பார்க்கிங் சண்டை இல்லை. பவர் கட் வந்ததே தெரியாது. என் பொண்ணு சாயந்திரம் ஐந்து மணிக்குக் கீழே இறங்கினால் ஏழரைக்கு நான் போய் இழுத்து வர வேண்டும், அவ்வளவு பிள்ளைகள். மயிலாப்பூரில் இது கிடையாது.

கெட்டது, தண்ணீர் எங்களுக்கு லாரிதான். கோடையில் மெயின்டனன்ஸ் பில்லில் தண்ணீருக்கு என்று தனியாக ஒரு தொகை சேரும். மெயின்டனன்ஸ் சதுர அடிக்கு நாலு ரூபாய் வைத்தாலே உங்கள் 1,160-க்கு மாதம் 4,640. அதையும் மாதத் தவணையோடு சேர்த்துத்தான் வாடகையோடு ஒப்பிட வேண்டும். வெள்ளத்தையும் கேட்டுவிடுங்கள். இந்தப் பக்கத்துத் தண்ணீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு வடிய வேண்டியது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் வீடு ஏழாவது மாடி, நாங்கள் நனையவில்லை. ஆனால் கார் கீழ்த்தளத்தில் இருந்தது, மூன்று நாள் பால் இல்லை, மின்சாரம் இல்லை, ஜெனரேட்டரும் தண்ணீருக்குள். நீங்கள் பார்த்த வளாகத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடையில், அந்த நாலாம் தேதி தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள்.

அப்புறம் ராயப்பேட்டை. காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் எனக்கு ஒன்றே கால் மணி நேரம், திரும்பி வர ஒன்றரை. மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் மாதவரம் – சோழிங்கநல்லூர் பாதை மேடவாக்கம் வழியாகத்தான் வருகிறது, வந்தால் மாறும். வரும் வரை பள்ளமும் தடுப்பும்தான். இதை நீங்கள் சொல்லிக்காட்ட முடியாது, உங்கள் ஆர்.கே. மடம் சாலையும் அதே கதைதானே!

என் அம்மா எங்களோடு வந்தார். முதல் வருடம் லிஃப்ட், பார்க் எல்லாம் பார்த்துச் சந்தோஷப்பட்டார். இப்போது ஞாயிற்றுக்கிழமை யாராவது மயிலாப்பூர் போகிறோம் என்றால் எட்டு மணிக்கே புடவை கட்டிக்கொண்டு ரெடியாக உட்கார்ந்திருக்கிறார். அவ்வளவுதான் சொல்வேன்.

---

மேற்கு மாம்பலம்:

நீங்கள் யாரும் யூடிஎஸ் பற்றிப் பேசவில்லையே. அந்த 1 கோடியே 32 லட்சம் எதற்கு என்று நினைக்கிறீர்கள்? 690 சதுர அடி மண்ணுக்கு. அதோடு வகுத்துப் பாருங்கள், 19,000 சொச்சம் வரும். அந்தத் தெருவில் வெறும் மனை என்ன விலை போகிறது என்று விசாரித்து ஒப்பிடுங்கள். கட்டடத்துக்குத் தனியாக எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்பது அப்போது தெரிந்துவிடும். அது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால்தான் வாங்கலாம் என்பது என் கட்சி.

ஆனால் புரோக்கர் "நாளைக்கே ரீடெவலப்மென்ட் வரும், சும்மா புது வீடு கிடைக்கும்" என்று பாடியிருப்பார். அதற்கு ஒரு பைசா கூடுதலாகக் கொடுக்காதீர்கள். நான் அந்தக் கிணற்றில் விழுந்து எழுந்தவன்.

எங்களுடையது 1982 கட்டடம், ஆறு வீடு. ஐந்து பேர் சம்மதம், ஒருவர் மட்டும் நாலு வருடம் இழுத்தார். அப்போது எல்லோரும் கையெழுத்துப் போட்டால்தான் நடக்கும். இப்போது 2022 அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்துவிட்டது, மூன்றில் இரண்டு பங்கு பேர் சம்மதித்தால் போதும். இது பெரிய மாற்றம்தான், மறுக்கவில்லை. இருந்தாலும் பக்கத்து வீட்டுக்காரரோடு கோர்ட்டுக்குப் போய் வீடு கட்டுவது என்ன சுகம் என்று போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கடைசியில் கையெழுத்தானது. பதினெட்டு மாதத்தில் சாவி, அதுவரை மாத வாடகை பில்டர் தருவார் என்று ஒப்பந்தம். இருபதாவது மாதம் வாடகை நின்றது. முப்பத்தொன்றாவது மாதம் வீடு வந்தது. அந்தப் பதினோரு மாத வாடகைக்கு இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன். என் அப்பா பழைய வீட்டில் வேப்ப மரத்தைப் பார்த்தபடி பேப்பர் படிப்பார், புது வீட்டின் பால்கனியைப் பார்க்க அவர் இல்லை. சரி, அது வேறு கதை.

உங்கள் கட்டடத்துக்குக் கணக்கு போடுவோம். நிலம் எவ்வளவு? எட்டு வீடு, உங்கள் பங்கு 690 என்றால் இரண்டரை கிரவுண்ட் இருக்கலாம், அதாவது 6,000 சதுர அடி. அந்தக் காலத்தில் எஃப்எஸ்ஐ (நில அளவைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற வரம்பு) 1.5. 2019 விதிகளில் 2. ஆக 12,000 கட்டலாம். இப்போது எட்டு வீடு சேர்ந்து ஏழாயிரத்து ஐந்நூறு சொச்சம் இருக்கும். எட்டுப் பேருக்கும் அதே அளவு திருப்பிக் கொடுத்தால் பில்டருக்கு நாலாயிரத்து ஐந்நூறு. எல்லோரும் கால் பங்கு அதிகம் கேட்பார்கள், எங்கள் வீட்டில் கேட்டோம். அப்புறம் பில்டருக்கு என்ன மிச்சம்? காசு கொடுத்து வாங்கும் கூடுதல் எஃப்எஸ்ஐ அகலமான ரோட்டுக்குத்தான். உங்கள் தெரு அகலம் என்ன? டேப்தான் இருக்கிறதே, அளந்துவிடுங்கள்.

கடைசியாக, தமிழ்நாடு பதிவுத்துறை தளத்தில் 1975 முதல் வில்லங்கம் பார்க்கலாம். உங்கள் வீட்டுக்கு மட்டும் பார்க்காதீர்கள், அந்தச் சர்வே எண் முழுவதுக்கும் போடுங்கள். எட்டு வீட்டு யூடிஎஸ்ஸையும் எழுதிக் கூட்டுங்கள், நில அளவோடு ஒத்துப் போகிறதா என்று பாருங்கள். பழைய புரமோட்டர்கள் கொஞ்சம் தங்கள் கையிலேயே வைத்துக்கொள்வார்கள்.

---

வாடகைவாசி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பத்து நாளில் நிறைய நடந்துவிட்டது, சொல்கிறேன்.

பொறியாளர் சார், ஸ்க்ரூடிரைவரோடு போனேன். முன்பக்க சன்ஷேடு இரண்டும் 'டொப்'. சமையலறைப் பக்கத்துச் சன்ஷேடில் நான் தட்டியதும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சில்லு பெயர்ந்து கீழே விழுந்தது. உள்ளே கம்பி செம்பருத்தி நிறத்தில் இதழ் இதழாக இருந்தது. தூண்களில் எங்கே தட்டியும் 'டங்'தான், எங்கள் இன்ஜினியரும் அதையே எழுதிக் கொடுத்தார். கீழ்வீட்டு மாமா பாத்ரூமைக் காட்டச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. "ஆறு வருஷமா சொல்றேன், யாரும் வந்து பார்த்ததில்லே" என்று கூரையில் நீர்க்கறையைக் காட்டினார். நடுவில் ஒரு பிளாஸ்டிக் வாளியை நிரந்தரமாகவே வைத்திருக்கிறார். வாங்கினால் முதல் வேலை இதுதான் என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாளே காம்பவுண்டில் பார்க்கிங் யாருடைய இடம் எது என்று முழுச் சரித்திரத்தையும் ஃபோனில் சொன்னார். பழைய அம்பாசடர் வைத்திருந்தவர் இடம் இப்போது காலியாம்.

மேற்கு மாம்பலம் சார், எட்டு யூடிஎஸ்ஸையும் கூட்டினேன். நிலம் நீங்கள் சொன்ன மாதிரியே 6,000. கூட்டினால் 5,640தான் வருகிறது. 360 சதுர அடி இன்னும் பழைய நில உரிமையாளர் பெயரிலேயே நிற்கிறது. வக்கீல் பார்த்துவிட்டு, "உங்கள் 690-க்கு ஆபத்தில்லை. என்றைக்காவது இடித்துக் கட்டப் போனால் அந்த 360-ன் வாரிசும் மேஜைக்கு வந்து உட்காருவார்" என்றார். தெரு 24 அடி. ஆக ரீடெவலப்மென்ட் ஆசையைப் புரோக்கருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

டீக்கடையிலும் கேட்டேன். அவர் இடுப்பில் கை வைத்தார்.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி விற்பவர்களிடம் பேசினோம். அண்ணன் நியூ ஜெர்சி, தங்கை பெங்களூரு, அப்பா போன பிறகு வீடு மூன்று வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. சன்ஷேடு படம், பாத்ரூம் படம், 360 கணக்கு எல்லாம் அனுப்பினேன். 1 கோடியே 24 லட்சத்துக்கு வந்துவிட்டார்கள். ரிப்பேர் எட்டு லட்சம் பத்தரை ஆகும் என்று இன்ஜினியர் சொல்கிறார். வங்கி பதினெட்டு வருடம் தருகிறது. தவணை கிட்டத்தட்ட நான் முதலில் சொன்ன தொகையிலேயே வந்து நிற்கிறது. கார் வாங்கும் எண்ணத்தைத் தள்ளி வைத்தாயிற்று. அவர் கிண்டிக்கு இப்போது மாதிரியே பைக்கில் போவார்.

இன்னும் கையெழுத்துப் போடவில்லை. மூன்றாவது பெட்ரூம் இல்லையே என்றுதான் மனசு அடித்துக்கொள்கிறது. பையன் பத்தாவது போனால் தனி அறை கேட்பான்.

---

ஓய்வுபெற்ற பொறியாளர்:

20 அடி ஹாலில் ஏழு அடியைத் தடுத்தால் பையனுக்கு 7-க்கு பதினொன்றரையில் ஒரு அறை வரும். ஜன்னல் அந்தப் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். செங்கல் சுவர் வைக்காதீர்கள், தளத்துக்குப் பாரம். ஜிப்சம் போர்டு போதும்.

---

மேற்கு மாம்பலம்:

அண்ணன் அமெரிக்கா என்றீர்களே, கவனம். ஐம்பது லட்சத்துக்கு மேல் வாங்கும்போது நாம் பிடிக்கும் 1 சதவீத வரி, இங்கே இருக்கும் தங்கை பங்குக்கு மட்டும்தான். வெளிநாட்டில் இருப்பவர் பங்குக்கு வேறு விகிதம், வேறு நடைமுறை. பிடிக்காமல் விட்டால் வருமான வரித்துறை உங்களைத்தான் கேட்கும். அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஆடிட்டரைப் பாருங்கள். வாரிசுச் சான்றிதழில் அந்த இரண்டு பேர்தானா, அம்மா இருக்கிறாரா என்பதையும்.

---

வாடகைவாசி:

ஐயோ, 1 சதவீதம் என்றுதான் எழுதி வைத்திருந்தேன்! நாளைக்கே ஆடிட்டரைப் பார்க்கிறேன். அம்மா முன்பே காலமாகிவிட்டார், சான்றிதழில் இரண்டு பேர்தான்.

ஜன்னல் அந்தப் பக்கம்தான் இருக்கிறது சார். நேற்று மாமியாரை முதல் தடவையாக அழைத்துப் போய்க் காட்டினோம். பத்தொன்பது படியையும் நடுவில் நிற்காமல் ஏறினார். ஹாலில் நின்று சுற்றிப் பார்த்தார். "இங்கேர்ந்து கோயிலுக்குப் பின்னாடி தெரு வழியாப் போனா ரோடு கிராஸ் பண்ண வேண்டாம்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. கீழே வந்து கீழ்வீட்டு மாமியோடு அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார், நாங்கள் வெயிலில் நின்றோம்.